கேமிங் சென்டருக்கு ரெடிமேட் பிரேக் ஈவன் எக்செல்: வாங்கலாமா?

சின்ன கேமிங் சென்டர் தொடங்க நினைப்பவர்களைக் குறிவைத்து, 'எத்தனை மாதத்தில் போட்ட முதல் திரும்பும்' என்று கணக்குப் போட்டுத் தரும் எக்செல் கோப்புகள் பல பெயர்களில் விற்கின்றன. பெயர் மாறினாலும் வழக்கமான எலும்புக்கூடு ஒன்றுதான்: முதலீட்டுத் தாள், மாதச் செலவுத் தாள், வருமானத் தாள், கடைசியில் மேல்நோக்கிப் போகும் ஒரு கோடு.

முதலீட்டுத் தாளுக்காக மட்டும் வாங்கினால்கூட நஷ்டமில்லை. யுபிஎஸ், நெட்வொர்க் ஸ்விட்ச், எர்த்திங், தீயணைப்பான், வாடகை முன்பணம், உள்வேலை நடக்கும் மாதங்களின் வாடகை என்று கைவிட்டுப்போகும் உருப்படிகளை அது ஞாபகப்படுத்தும். சிக்கல் வருமானத் தாளில் இருக்கிறது. சீட்டுகள் (ஆட உட்காரும் இருக்கைகள்) × திறந்திருக்கும் மணி × கட்டணம் × நிரம்பும் சதவீதம். அந்தச் சதவீதத்துக்கு ஒரே ஒரு கட்டம். மொத்தக் கணக்கும் அந்த ஒற்றைக் கட்டத்தின் தலையில்தான் நிற்கிறது.

இதைச் சோதிக்கப் பணத்தை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் 'சீட்டு-மணி'யில் அளப்பது நல்லது. பலகையில் எழுதியிருக்கும் ஒரு மணிக் கட்டணம் = 1. ஓர் உதாரணம்: 20 சீட்டு, தினம் 12 மணி, 30 நாள், மாதம் 7,200 சீட்டு-மணி. வாடகை, சம்பளம், இணையம், வட்டி எல்லாம் சேர்ந்து 1,400 மணிக்குச் சமம் என்று வைப்போம். கோப்பு 1,400-ஐ 7,200-ஆல் வகுத்து, '19.4 சதவீதம் நிரம்பினால் போதும்' என்று சொல்லிவிடும். கேட்க இனிக்கும்.

ஆனால் பலகைக் கட்டணம் முழுசாகக் கைக்கு வராது. பத்து மணி வாங்கினால் இரண்டு மணி இலவசம் என்ற பேக் ஒன்றே ஒரு மணியின் விலையை 0.83 ஆக்கிவிடும். அதன் பிறகு வரி, இரவு பாஸ், போட்டி நாள் சலுகை. கைக்கு வருவது 0.75 என்று கொள்வோம். அதிலும் மின்சாரம், தேய்மானம், பேமென்ட் கமிஷன் என்று ஒவ்வொரு மணிக்கும் 0.15 போகும். மிச்சம் 0.60. இப்போது 1,400 ÷ 0.60 = 2,333 மணி; 32.4 சதவீதம். கடன் வாங்கியிருந்து மாதம் 300 மணிக்குச் சமமான அசலும் கட்ட வேண்டுமானால் 1,700 ÷ 0.60 = 2,833; 39.3 சதவீதம். அதே கடை, அதே வாடகைதான். தேவை இரு மடங்கு.

சராசரி சதவீதம் இன்னொன்றையும் மறைக்கிறது. வார நாள் பகலில் 7 மணி நேரம், மாலையில் 5 மணி நேரம், வார இறுதியில் முழு நாள் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள் (22 வார நாள், 8 விடுமுறை நாள்). இருப்பு முறையே 3,080, 2,200, 1,920 மணி. பகலில் 15, மாலையில் 60, வார இறுதியில் 55 சதவீதம் விற்றால் 2,838 மணி. மேலே சொன்ன 2,833-ஐ இழுத்துப் பிடித்துத் தொடுகிறது. அதாவது எல்லா வார நாள் மாலையும், ஐந்து மணி நேரமும், சராசரியாக 12 பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமையும்தான். கூட்டம் வரும் வேளையில் 21-வது ஆளுக்கு இடமில்லை என்பதால், சனிக்கிழமை நெரிசலைக் கொண்டு செவ்வாய்ப் பகலை ஈடுகட்ட முடியாது.

மின்சாரத்தை நிலையான செலவு வரிசையில் ஒரே தொகையாகப் போடுவது இந்தக் கோப்புகளின் இன்னொரு பழக்கம். மானிட்டருடன் ஒரு கேமிங் பிசி ஆடும்போது 450 வாட் இழுத்தால், 20 பிசிக்கு 9 கிலோவாட். அத்தனையும் வெப்பமாக அறைக்குள்ளேதான் இறங்கும். ஆளுக்கு 100 வாட் வீதம் உடல் சூடு 2 கிலோவாட். மொத்தம் 11, கூரை வழியே வரும் வெயிலைச் சேர்க்காமலே மூன்று டன்னுக்கு மேல் ஏசி வேண்டும், அதற்குத் தனியாக 3 கிலோவாட்டுக்கும் மேலே. கடை நிரம்பினால் மின்கட்டணமும் ஏறும். மணிச் செலவில் சேர்க்க வேண்டியது இது. யாரும் உட்காராத பிசியும் சும்மா ஓடினால் 60 முதல் 100 வாட் தின்னும். தானாகத் தூங்கப் போகும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

தேய்மானத்தை எல்லாப் பொருளுக்கும் ஐந்து வருஷம் என்று பரப்புவது அதைவிட மோசம். ஹெட்செட் கேபிள், மவுஸ் கிளிக், நாற்காலியின் கேஸ் லிஃப்ட் இவையெல்லாம் அதற்கு வெகு முன்பே போகும். கன்ட்ரோலர் ஸ்டிக்கில் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்தால் கேமில் வரும் பாத்திரம் தானாக நடக்கத் தொடங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு 36 மாதம் வைப்பதே நியாயம். செகண்ட்-ஹேண்ட் பிசியால் முதலீட்டைக் குறைக்கலாமே என்றால், விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பெட்டி விண்டோஸ் 11-இல் வாலரன்ட் கேமை ஓட்டாது. கேம் உரிமத்துக்கும் தனி வரிசை சேருங்கள். வீட்டுக்கென்று வாங்கிய கன்சோல் கேமை வாடகைக்கு விடச் சாதாரண உரிமம் இடம் தராது. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கஃபேக்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது.

பெரிய குழப்பம் கடைசித் தாளில். ஒரு மாதச் செலவை அந்த மாத வருமானம் தொடுவது ஒன்று, போட்ட முதல் முழுக்கத் திரும்புவது வேறு. கோப்பு இரண்டுக்கும் 'பிரேக் ஈவன்' என்றே பெயர் வைக்கிறது. மொத்த முதலீடு 22,000 மணி, மாதம் 3,500 மணி விற்பனை என்றால் (3,500 × 0.60 − 1,400) மிச்சம் 700. போட்டது திரும்ப 31 மாதத்துக்குச் சற்று மேலே. (இங்கே கடன் அசலைக் கழிக்கக் கூடாது, அது முதலீட்டுக்குள்ளேயே இருக்கிறது.) ஆனால் இந்தக் கணக்கு முதல் மாதமே 3,500 விற்கும் என்கிறது. முதல் ஆறு மாதம் 1,800 மணிதான் ஓடினால் மாதம் 320 குறையும், மொத்தம் 1,920. அப்போது கணக்கு 40 மாதத்துக்குப் போகிறது. கார்டு மாற்ற வேண்டிய 36-வது மாதம் அதற்கு முன்னாலேயே வந்து நிற்கும்.

ஆகவே வாங்குங்கள், ஆனால் வருமானத் தாளை அழித்துவிட்டு நேர வாரியாக மூன்று வரிசை எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு செங்குத்துப் பத்தி வீதம் 48 பத்தி போட்டு, 36-இல் கார்டு செலவை உட்காரவையுங்கள். அடியில் கைப்பணத்துக்கு ஒரு கூட்டு வரிசை சேர்த்து, அதன் மிகத் தாழ்ந்த எண்ணைத் தேடுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் அது ஆறாம் மாதம்: 1,920-உடன் அசல் 1,800 சேர்ந்து, 3,720 மணி பள்ளம். முதலீடு எல்லாம் போக, கடை திறக்கும் அன்று கையில் இருக்க வேண்டிய ரொக்கம் அதுதான்.