வின்ரர் ரயர் வாங்கப் போகிறவர்கள் கவனம்: "பூட்டுப்படும்" என்ற சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் நவம்பர் வந்தால் கராஜ்களில் நிற்க இடம் இருக்காது. முதல் ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவோம். அந்த அவசரத்துக்குள்தான் கையிருப்பில் கிடக்கிற எதையாவது தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு நடந்ததை விபரமாக எழுதுகிறேன். காசு போனதை விட, பிள்ளைகளோடு 401 ஹைவேயில் போகும்போது சில்லு கழன்றிருக்கலாம் என்பதுதான் இன்னும் நெஞ்சைப் பதற வைக்கிறது.

வாகனம் 2018 ஹொண்டா சி.ஆர்.வி., 18 அங்குலச் சில்லோடு வந்தது. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில் 235/60ஆர்18 103எச் என்று போட்டிருக்கிறது. குளிர்காலத்துக்கு 17 அங்குலத்துக்கு இறங்குவோம் என்று முடிவெடுத்தேன். அது நல்ல வழக்கம்தான். 17இல் ரயரும் றிம்மும் மலிவு, ரயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதத்துக் கிடங்குகளில் விழுந்தாலும் றிம் நெளிவது குறைவு. அதுவும் இதே வாகனத்தின் குறைந்த விலை மொடல் தொழிற்சாலையிலிருந்தே 235/65ஆர்17இல்தான் வருகிறது. பிரேக்கில் முட்டுமா என்று யோசிக்கவே தேவையில்லை.

அளவு எப்படி ஒத்துவருகிறது என்று தெரியாதவர்களுக்கு: 235 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். அடுத்த எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. கடைசி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் 235/60/18இன் முழு விட்டம் ஏறக்குறைய 739 மில்லிமீற்றர், 235/65/17இன் விட்டம் 737. றிம் சிறிதானாலும் சில்லின் மொத்த உயரம் மாறவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒக்ரோபர் கடைசியிலேயே கடைக்குப் போன் எடுத்தேன். நம் ஆட்கள் பலர் போகிற கடை. வாகனத்தின் ஆண்டு, மொடல், ஸ்ரிக்கரில் உள்ள அளவு, எனக்கு வேண்டிய 235/65/17 எல்லாவற்றையும் சொன்னேன். நாலு புது ரயர், நாலு கறுப்பு ஸ்ரீல் றிம், பூட்டி பலன்ஸ் பண்ணி முழு விலை கேட்டேன். "அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, சி.ஆர்.வி. எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் உரிமையாளர். முற்பணமும் அனுப்பியாயிற்று.

பூட்டிய அன்று பில் தந்தார்கள். ரயர் நாலு, றிம் நாலு, காற்றழுத்த சென்சர் நாலு, கூலி, எச்.எஸ்.ரி. வரி. ஓரிடத்திலும் அளவு இல்லை. அளவை எழுதித் தரச் சொன்னேன். "கொம்பியூட்டரில அப்பிடித்தான் வரும் அண்ணை" என்று அடுத்த வாகனத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

உள் வீதிகளில் ஒன்றும் தெரியவில்லை. 401இல் ஏறி 90ஐத் தாண்டியதும் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. 105, 110இல் இருக்கையிலும் தெரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். றிம்முக்குள் ஸ்னோ இறுகியிருக்கும் என்றார்கள். அப்படி நடப்பது உண்மைதான், ஆனால் அன்று வீதி காய்ந்து கிடந்தது. மறுபடியும் பலன்ஸ் பண்ணினார்கள், நடுக்கம் போகவில்லை. அடுத்த முறை, "வின்ரர் ரயர் எண்டால் இப்பிடித்தான் கொஞ்சம் ஆடும்" என்ற பதில்தான் கிடைத்தது. இதை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்திலேயே அவரை நம்புவதை விட்டுவிடுங்கள். சரியாகப் பூட்டிய வின்ரர் ரயர் கொஞ்சம் இரையும், வளைவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஸ்ரியறிங் நடுங்காது.

பிறகு பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாகனத்தை லிஃப்ற்றில் ஏற்றி, முன் இடது சில்லின் நட்டில் றென்ச்சை வைத்தார். நட் சும்மா சுழன்றது. பக்கத்திலிருந்த இன்னொன்றும் அப்படியே. ஐந்தில் இரண்டு! அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதோடயா ஹைவேயில ஓடினீங்கள்?" என்று கேட்டார்.

சில்லைக் கழற்றி நட்டையும் றிம்மின் துளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஹொண்டாவின் தொழிற்சாலை நட்டின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும், பந்தை அறுத்து வைத்தது மாதிரி. ஹொண்டாவின் சொந்த றிம்முக்கு அதுதான் பொருந்தும். வெளியில் வாங்குகிற றிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவ நட் வேண்டும். கூம்புத் துளைக்குள் உருண்டை நட்டை இறுக்கினால் முழுவதும் பதியாது, மெல்லிய கோடு போல ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும். எங்கள் றிம்மின் ஒவ்வொரு துளையிலும் பெயின்ற் உரிந்து, நூல் தடிப்பில் ஒரு வளையம் பளபளத்தது. அவ்வளவுதான் பிடிமானம். எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓடத் தளரும்.

அடுத்தது றிம்மின் நடுத்துளை. ஹொண்டாவின் ஹப், அதாவது சில்லின் நடுத்துளைக்குள் போகிற வாகனத்தின் உருளைப் பகுதி, 64.1 மில்லிமீற்றர். எங்களுக்குப் பூட்டிய றிம்மின் நடுத்துளை 67.1. அது மஸ்டா, ஹ்யுண்டாய், கியா வாகனங்களின் அளவு. இவற்றில் பெரும்பாலானவற்றிலும் ஐந்து நட், அவை அமைந்திருக்கிற வட்டம் 114.3 மில்லிமீற்றர் என்பதால் ஹொண்டாவிலும் ஏறிவிடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஹப்பைச் சுற்றி ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. சில்லு சரி நடுவில் உட்காராது, பலன்ஸ் மெஷினில் ஆயிரம் முறை சுற்றினாலும் வாகனத்தில் நடுங்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் றிங் என்று ஒரு சின்ன வளையம் இருக்கிறது, விலை சில டொலர். அதைக்கூடப் போடவில்லை.

அப்புறம்தான் ரயரின் பக்கச்சுவரை ஒழுங்காக வாசித்தோம். 225/65ஆர்17 102ரி. நான் கேட்டது 235. 225/65/17 என்பது 2016 வரை வந்த பழைய சி.ஆர்.வி.யின் அளவு, ரொயோட்டா ராவ்4, நிஸான் றோக் போன்றவற்றுக்கும் போகிற அளவு. எந்தக் கடையிலும் குவிந்து கிடக்கும். நான் சொன்ன அளவைத் தேடி எடுப்பதற்குப் பதிலாகக் குவியலிலிருந்து நாலை உருவியிருக்கிறார்கள். விட்டம் 724, அதாவது 2 வீதம் குறைவு. வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது பெரிய ஆபத்தில்லை. எனக்குப் பிரச்சினை அந்த 102. அது சுமைக்குறியீடு: 102 என்றால் ஒரு ரயர் 850 கிலோ தாங்கும், 103 என்றால் 875, 104 என்றால் 900. ஸ்ரிக்கரில் உள்ளதை விடக் குறைந்த சுமைக்குறியீட்டைப் போடக்கூடாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்குப் போகிற வாகனம் இது. வேகக் குறியீடு எச்சிலிருந்து ரிக்கு இறங்கியதில் குறை சொல்லவில்லை. ரி என்றாலே மணிக்கு 190 கிலோமீற்றர், வின்ரர் ரயரில் அது வழக்கம்.

புது ரயர் என்றார்களே, அதுவும் பார்த்தோம். பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம். இந்த நாலு இலக்கமும் பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மற்றப் பக்கத்தில் பாதிக் குறியீடுதான். எங்களுடையதில் நாலு ரயரிலும் திகதி உள்பக்கம் பார்த்திருந்தது. சில ரயர்களுக்கு எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று விதி உண்டு, அப்படியென்றால் குற்றம் சொல்ல முடியாது. இவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. வருடக்கணக்கில் கிடந்த ரயர்கள். ஓடாதவைதான், ஆனால் புது விலை வாங்கியிருக்கக்கூடாது.

சென்சர் விடயம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. இந்த சி.ஆர்.வி.யில் சில்லுக்குள் சென்சரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக் சில்லு சுழலும் வேகத்தை அளப்பதை வைத்துத்தான் காற்றுக் குறைவதை வாகனம் கண்டுபிடிக்கிறது. சில்லு மாற்றியதும் திரையில் மெனுவுக்குள் போய் அளவுதிருத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. நாளாந்தம் சி.ஆர்.வி. பார்க்கிற கராஜுக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை. உள்ளே சென்சர் இருக்கிறதா என்று பார்த்தால், நாலிலும் சாதாரண ரப்பர் வால்வுதான்.

ஒரு விடயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரயர்களில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ உள்ள அடையாளம் இருந்தது. நீங்கள் வாங்கும்போதும் அது இருக்கிறதா பாருங்கள், எம்+எஸ் (சேறும் ஸ்னோவும்) என்ற எழுத்து மட்டும் போதாது. கியூபெக்கில் பதிந்த வாகனம் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த அடையாளம் உள்ள ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து இன்சூரன்ஸ் கம்பனிகள் வின்ரர் ரயருக்குக் கழிவு தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கின் குறிப்பையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பூட்டுப்பட்டதுதானே அண்ணை, கழண்டே போச்சு?" என்று கேட்டார். கழன்றிருந்தால் நான் வந்து கேட்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, எழுத்தில் அனுப்பினேன். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாகனத் திருத்தத்தில் புதுப் பாகங்களுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு, ரயருக்கு மட்டும் அது பொருந்தாது. எழுத்தில் மதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தந்த மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்கவும் முடியாது. இதற்கெல்லாம் பில்தான் ஆதாரம். "எச்.எஸ்.ரி. இல்லாமல் காசாத் தாங்கோ" என்று கேட்கிற கடையில் 13 வீதம் மிச்சம் பிடிக்கப்போனால் இந்த உரிமையை நிலைநாட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

கடிதம் போன பிறகு சென்சர் காசையும் றிம் காசையும் திருப்பித் தந்தார்கள். ரயர் காசு தரவில்லை. பில்லில் அளவு எழுதாததால், நான் கேட்டதே 225தான் என்று சாதிக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்ராறியோ அமைச்சுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

இப்போது வேறு கடையில் 235/65ஆர்17 104ரி பூட்டியிருக்கிறது, ஹப் றிங்கும் 20 கூம்பு நட்டும் சேர்த்து. பில்லில் அளவு, சுமைக்குறியீடு, தயாரித்த வாரம், றிம்மின் நடுத்துளை எல்லாம் காசு வாங்கும் முன்பே எழுதினார்கள். நட்டுகளை இறுக்கத்தை அளக்கிற ரோர்க் றென்ச்சால் 80 அடி-இறாத்தலுக்கு இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். போனேன், எல்லாம் இறுக்கமாக இருந்தன. 110இல் ஸ்ரியறிங் அசையவில்லை.

பழைய கடையில் இந்த சீசனில் சில்லு பூட்டியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே வேறு ஒருவரிடம் காட்டி நட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஹொண்டா வைத்திருப்பவர்கள் முதலில் பாருங்கள்.