பில்லில் புது பேரிங், வண்டியில் பழைய பேரிங்: ஜிப்சி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய மாருதி ஜிப்சி, மஹிந்திரா எம்.எம். 540 மாதிரி ஜீப் வண்டிகளை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டிப் பழகியவர்கள்கூட சில வேலைகளுக்கு வெளியே போயாக வேண்டியிருக்கிறது. வொர்க்‌ஷாப்பில் ஏமாற்றுவது என்றால் கூலியைக் கூட்டி வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கூலி அதிகம் என்றால் பில்லைப் பார்த்ததும் தெரிந்துவிடும்; நாலு வார்த்தை பேசிக் குறைத்தும்விடலாம். என்னிடம் நடந்தது அந்த ரகம் கிடையாது. மாற்றாத பேரிங்குக்குப் பணம் வாங்கினார்கள். நன்றாக இருந்த ஒரிஜினல் பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் பெயிண்ட் அடித்த பழைய சாமானை மாட்டினார்கள். போதாததற்கு, மலை ரோட்டில் ஓட்டக் கூடாத நிலையில் வண்டியைச் சாவியோடு கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வண்டி 1998 மாடல் ஜிப்சி கிங். 1,298 சிசி, கார்புரேட்டர், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் இல்லை. ஆயில் மாற்றுவது, பிரேக், கிளட்ச் கேபிள், யுனிவர்சல் ஜாயின்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் மவுண்ட் எல்லாம் நானே வீட்டில் பார்த்துக்கொள்வேன். ஊர் பொள்ளாச்சி. வால்பாறை பக்கம் அடிக்கடி போக வேண்டியிருப்பதால் ஸ்டீயரிங், பிரேக் இரண்டிலும் நான் கொஞ்சம் பயந்தவன்.

பிரச்சினை, ஜிப்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 55, 60-ல் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறினால் போதும், ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதற ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைத்து 30-க்குக் கொண்டுவந்தால்தான் அடங்கும். முதலில் டயர் பேலன்ஸ், அப்புறம் ஸ்பிரிங் புஷ், டை ராட் எண்ட் என்று வரிசையாகப் பார்த்தேன். கடைசியில் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் லொடலொடவென்று இருந்தது. பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். வீல் பேரிங் என்றால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிடும், நிற்கவில்லை. அப்படியென்றால் கிங்பின் பேரிங்.

இதைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் கதை புரிய இது வேண்டும். ஜிப்சியின் முன் ஆக்சில் முனையில் உருண்டையாக ஒரு பகுதி இருக்கும். அதைக் கவ்விக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் இடமும் வலமும் திரும்பும். மேலே ஒரு கிங்பின், கீழே ஒரு கிங்பின். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப்பர் ரோலர் பேரிங். ஆக, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பேரிங். கிங்பின்னுக்கும் நக்கிளுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்வது அந்தத் தகடுகள்தான். ஒரு தகட்டை எடுத்துவிட்டால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் எப்போதும் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, கப்பில், அதாவது ரோலர்கள் உருளும் வெளி வளையத்தில், வரி வரியாகப் பள்ளம் விழுந்துவிடும். அதுதான் அந்த உதறலுக்கு வழி விடுகிறது.

பேரிங் மாற்ற நக்கிளையே வெளியே எடுக்க வேண்டும். பழைய கப்பை அடித்து எடுத்துப் புதியதை இறக்க வேண்டும். ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட் அப்போது என்னிடம் இல்லை. மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது, வாசலில் ஆக்சிலைத் திறந்துபோட முடியாது. ஆர்.சி. ரெனிவல் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டியாக வேண்டும் என்பது தெரிந்ததுதானே. அதனால் பழைய ஜீப்புகள் நிறைய நிற்கிற ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன்.

வொர்க்‌ஷாப்காரர் பேச்சில் தேன் ஒழுகும். "பயமே வேண்டாமுங்ணா, நாலு பேரிங்கும் புதுசு போட்டு, சீல் மாத்தி, கிரீஸ் வச்சுக் குடுத்தர்றேன். அப்படியே ஸ்டீயரிங் பாக்ஸும் ஒருவாட்டி பிரிச்சுப் பாத்தர்லாமுங்ணா, பழைய வண்டி பாருங்க" என்றார். நாம் ஸ்டீயரிங்கைச் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டிதான் அந்த பாக்ஸ். அதில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். "சும்மா செக் பண்றதுதானுங்க" என்றார். அந்தச் "சும்மா செக்" பில்லில் ஸ்டீயரிங் பாக்ஸ் ஓவர்ஹாலாக வந்தது. மொத்தம் 22,000-க்குக் கொஞ்சம் மேல். பில் என்று சொல்கிறேனே தவிர, அது கடைப் பெயர்கூட அச்சடிக்காத ஒரு துண்டுச் சீட்டு. பழைய பேரிங்குகளைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்றார்.

வண்டியை எடுத்து ஓட்டினால் உதறல் சுத்தமாக இல்லை. 70-ல் போய்ப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை. ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக இருந்தது. புது பேரிங், ஓடினால் சரியாகும் என்றார்கள்.

சரியாகவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அந்த ரோட்டில் பாதி வேலையை வண்டியே செய்யும்: வளைவில் ஒடித்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேராகும். இந்த முறை திரும்பவில்லை. ஒடித்தது ஒடித்தபடியே நின்றது, நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. நேராக்கினாலும் நடுவில் இரண்டு விரல் அளவுக்கு ஒன்றும் பிடிக்காத இடம் ஒன்று இருந்தது. வண்டி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், நாம் திருத்தினால் இந்தப் பக்கம் தாண்டிவிடும். எதிரே கவர்ன்மென்ட் பஸ் ஒன்று வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு இறங்கியது. மேற்கொண்டு ஏறாமல், இடம் கிடைத்த வளைவில் திருப்பி, முதல் கியரும் இரண்டாவதுமாகவே கீழே வந்து சேர்ந்தேன்.

மழை விட்டதும் சாக்கெட் வாங்கிக்கொண்டு நானே திறந்தேன். சக்கரத்தைக் கழற்றிய உடனேயே விஷயம் தெரிந்துவிட்டது. கிங்பின் போல்ட்டுகளின் தலையில் புதிதாக ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருந்தது. நக்கிளுக்குப் பின்னால், உருண்டையைச் சுற்றி சீலைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டுகளிலோ, வருஷக்கணக்கான சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. அந்தத் தகட்டைக் கழற்றாமல் நக்கிள் வெளியே வராது. நக்கிள் வராமல் பேரிங் மாறாது. ஆக, மேலே இருந்த போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி, ஷிம் தகடுகளை உருவிவிட்டு, மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை. பள்ளம் விழுந்த அதே பேரிங்கை நசுக்கிப் பிடித்ததால் உதறல் நின்றது, கூடவே ஸ்டீயரிங்கும் திரும்ப மறுத்தது.

முழுதாகப் பிரித்தேன். டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் தள்ளினால் நகரவே மாட்டேன் என்றது. பலமாகத் தள்ளினால் நடுவில் வந்து கடக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. உள்ளே கிரீஸ் என்ற பெயரில் கருப்புக் குழம்பு. ஆக்சிலின் உள் ஆயில் சீல் போய், டிஃபரென்ஷியல் ஆயில் கசிந்து கிரீஸோடு கலந்திருக்கிறது. "சீல் மாத்தி, கிரீஸ் வச்சு" என்பதற்கும் பணம் வாங்கியிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரிங்கிலும் கப்புகளில் வரிப்பள்ளம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எண்ணெயோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்டீயரிங் பாக்ஸ் கதை இதைவிட மோசம். சில வருஷம் முன்பு டிராப் ஆர்மை (பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டின் முனையில் மாட்டியிருக்கும் கை) கழற்றியபோது, திரும்ப அதே பல்லில் உட்காரவேண்டும் என்று சென்டர் பஞ்ச் வைத்து ஷாஃப்ட் முனையில் இரண்டு புள்ளி, ஆர்மில் அதற்கு நேராக ஒரு புள்ளி அடித்திருந்தேன். எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். இப்போது குனிந்து பார்த்தால் ஆர்மில் என் புள்ளி இருக்கிறது, ஷாஃப்ட்டில் ஒன்றுமே இல்லை. பாக்ஸ் முழுக்கப் பளபளவென்று கருப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டினால் அடியில் துரு. மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவைக் கடைசி வரை இறுக்கியிருந்தார்கள், அப்படியும் நடுவில் அந்த லூஸ் போகவில்லை. ஏதோ கழித்துக்கட்டிய வண்டியின் பாக்ஸ் அது. என்னுடையது இப்போது வேறு யாருடைய ஜிப்சியிலோ ஓடிக்கொண்டிருக்கும், ஒரிஜினல் என்று சொல்லி நல்ல விலைக்கே போயிருக்கும்.

இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜிப்சி 1985-ல் வந்தது, பொதுமக்களுக்கான விற்பனை 2019-ஓடு முடிந்தது. இப்போது நிறையப் பேர் பழையதை வாங்கிப் புதுப்பிக்கிறார்கள், அதனால் நம் வண்டியில் இருபது வருஷம் ஓடிய ஒரு நல்ல ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் கார்புரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், கடையில் கிடைக்கும் புது டூப்ளிகேட்டைவிட மதிப்பு அதிகம். நமக்கு அது "தேய்ந்த பழைய சாமான்". தொழிலில் இருப்பவனுக்கு அது சரக்கு. "எதற்கும் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்று நல்லா இருக்கிற பாகத்தை யாராவது தொடக் கேட்டால் அங்கேயே உஷாராகுங்கள்.

இனி என் வண்டி வெளியே போகும்போது செய்யப்போவதைச் சொல்கிறேன். கழற்றி எடுத்துப் போகத் தக்க எல்லாவற்றிலும், பெயிண்ட் அடித்தாலும் மறையாதபடி, எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் பஞ்ச் புள்ளி. பெயிண்ட் மார்க் போதாது, பெட்ரோலில் துடைத்தால் போய்விடும். வார்ப்பில் இருக்கும் எண்கள் தெரியும்படி போட்டோ. பேரிங், சீல் எல்லாம் பில்லோடு நானே வாங்கிக் கொடுத்து, பழையதை அதே டப்பாவில் திருப்பி வாங்குவது. இதை வேலை முடிந்தபின் கேட்டால் காயலான் கடைக் கதைதான் வரும். வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும். கிங்பின் வேலை என்றால் வாங்கும்போது குனிந்து அந்தச் சீல் தகட்டு போல்ட்டுகளைப் பாருங்கள். சேறு அப்படியே இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் வேலை முடியும்வரை வொர்க்‌ஷாப்பிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். முன்பு நாங்கள் அவரைக் கேலி செய்வோம்.

வொர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டபோது முதலில், வேலை பார்த்த பையன் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். பஞ்ச் புள்ளியைக் காட்டியதும், வேறு வண்டியோடு மாறிப்போயிருக்கும் என்றார்கள். மாறிப்போன அந்த வண்டி எங்கே என்றால் பதில் இல்லை. அப்புறம் 6,000 ரூபாய் ஜிபேயில் திரும்பி வந்தது. அதுவும் நான் பணம் போட்ட எண்ணிலிருந்து வரவில்லை, வேறு யாரோ பெயரில் வந்தது. "இதோட விட்ருங்ணா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு முறையான பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், வொர்க்‌ஷாப் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொண்டால் தேதியோடு ஒரு பதிவு கையில் இருக்கும். நான் அதைச் செய்துவிட்டு, மாவட்ட ஆணையத்துக்கும் மனு கொடுத்திருக்கிறேன். ஜிபே ரசீது, போட்டோக்கள், டப்பாவில் இருக்கும் பேரிங்குகள், புள்ளி இல்லாத ஷாஃப்ட், எல்லாம் சாட்சி. மனு நிலுவையில் இருப்பதால்தான் வொர்க்‌ஷாப் பெயரை இங்கே எழுதவில்லை. தனிச் செய்தியில் கேட்டும் பிரயோஜனமில்லை, சொல்ல மாட்டேன்.

பேரிங்குகளை நானே மாற்றிவிட்டேன். ஷிம்களைச் சேர்த்துச் சேர்த்து, மீன் கடைத் தராசு மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்தேன். நான்கு பேரிங், இரண்டு பக்க சீல், கிரீஸ் எல்லாம் சேர்த்தும் அவர்கள் வாங்கியதில் கால்வாசிகூட ஆகவில்லை. உதறலும் இல்லை, ஸ்டீயரிங்கும் தானாகத் திரும்புகிறது. பாக்ஸ் மட்டும்தான் இன்னும் அந்தத் துருப்பிடித்ததே. நல்லது கிடைக்கும்வரை மலை ஏறப்போவதில்லை.

பொள்ளாச்சி, உடுமலை, கோவை பக்கம் சமீபத்தில் ஜிப்சி கிங் ஸ்டீயரிங் பாக்ஸ் வாங்கியவர்கள் டிராப் ஆர்ம் நட்டுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். ஷாஃப்ட் முனையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பஞ்ச் புள்ளி இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். உங்களிடம் பாக்ஸைத் திருப்பிக் கேட்க மாட்டேன். யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.