15 லிட்டர் கீசர் மாற்ற 17,987 ரூபாய்! வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்

சேலையூரில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீட்டில், போன மாதம் 15 லிட்டர் கீசர் ஒன்றை மாற்றியதற்குப் போட்ட பில் 17,987 ரூபாய். விசேஷமான மாடல் எதுவும் இல்லை, எல்லார் வீட்டு பாத்ரூமிலும் தொங்குகிற அதே 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர்தான். பிராண்ட் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் ஏமாற்றியது அந்தக் கம்பெனி இல்லை, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு கும்பல்.

கீசர் ஸ்விட்சைப் போட்டாலே வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டிருந்தது. அப்பா போனில் பிராண்ட் பெயரோடு கஸ்டமர் கேர் என்று போட்டுத் தேடினார், முதலில் வந்த நம்பரை அழைத்தார். எடுத்தவுடனேயே அந்தப் பெண் பிராண்ட் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னாளாம், பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அது கம்பெனி நம்பரே இல்லை, காசு கட்டி விளம்பரமாக மேலே வந்திருக்கும் ஒரு தனியார் ரிப்பேர் கடை. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஏசி என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது.

வந்த பையன் மூடியைக்கூடக் கழற்றவில்லை. சேஃப்டி வால்வில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டி, "அம்மா, டேங்க் ஓட்டை ஆயிடுச்சு, கரண்ட் தண்ணியில இறங்குது, குளிக்கும்போது ஷாக் அடிச்சா ஆளே போயிடும், இனிமே ரிப்பேர் பண்ண முடியாது" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான். அம்மா பயந்துபோய் உடனே மாற்றச் சொல்லிவிட்டார். அவன் வண்டியிலேயே புதுசு தயாராக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் சூடானால் விரியும், விரிந்த தண்ணீர் சேஃப்டி வால்வ் வழியாகக் கொஞ்சம் வெளியே வரும், வால்வின் வேலையே அதுதான். டேங்க் ஓட்டையானால் தண்ணீர் கவரின் அடிப்பக்கத்திலிருந்து, பெரும்பாலும் துருக் கலரில் வடியும். அப்பாவிடம் போனில் எடுத்த வீடியோ இருக்கிறது, அதில் சொட்டுவது வால்வ் முனையில்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது.

அடுத்தது பில். இதைத்தான் விலாவாரியாக எழுத வேண்டும். கீசர் 12,490. இது பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. அந்த விலைக்கு கீசரை யாருமே விற்பதில்லை, அதே மாடல் தாம்பரத்தில் கடையில் விசாரித்தபோது 7,400க்குக் கிடைத்தது. சரி, எம்.ஆர்.பி.க்கு விற்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று 2,248 ரூபாய் தனியாகப் போட்டிருக்கிறான். எம்.ஆர்.பி. என்றாலே வரி எல்லாம் சேர்த்த விலை, அதன்மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால் வரி வாங்கிய அந்த பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை, கையால் எழுதிய வெறும் சீட்டு.

அப்புறம் ஃபிட்டிங் 850, பழையதைக் கழற்ற 350, விசிட் சார்ஜ் 499. இரண்டு கனெக்‌ஷன் பைப்புக்கு 900, ஹார்டுவேர் கடையில் ஜோடி 400க்கே நல்லதாகக் கிடைக்கும். சேஃப்டி வால்வ் 650. அந்த வால்வ் கீசர் பெட்டிக்குள்ளேயே வருகிற சாமான், பெட்டியில் ஒட்டியிருக்கும் லிஸ்ட்டிலேயே எழுதியிருக்கிறது! அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதற்கும் காசு வாங்கியிருக்கிறான்.

விலை கூடிய மாடலைத் தள்ளிவிட அவன் சொன்ன காரணம், "உங்க வீட்டுக்கு 8 பார் பிரஷர் தாங்குற மாடல்தான் சார் போடணும்." 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் வரும். ஒரு மாடி வீடு, மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்க், பிரஷர் பம்ப்பும் கிடையாது. கீழ் பாத்ரூமில் 1 பார்கூட வராது. 8 பார் என்பது உயரமான அடுக்குமாடிகளுக்கும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளுக்கும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய கீசருக்கு 300 ரூபாய் தருகிறேன் என்று தூக்கிப் போகப் பார்த்திருக்கிறான். காயலான் கடைக்காரனே கூடக் கொடுப்பான் என்று அப்பா அதை மட்டும் விடவில்லை. அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கழற்றிப் பார்த்தார், டேங்க் கல்லு மாதிரி இருக்கிறது. தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் விரல் தடிமனுக்கு உப்பு படிந்து உறை வெடித்திருக்கிறது, அதில் தண்ணீர் இறங்கி எர்த்துக்குக் கரண்ட் கசிந்ததால்தான் ட்ரிப் ஆகியிருக்கிறது. எங்கள் பக்கம் போர் தண்ணீருக்கு இது சகஜம். புதுக் காயில், கேஸ்கெட், கரைந்துபோயிருந்த மெக்னீசியம் ராடு (டேங்க் துருப்பிடிக்காமல் காப்பது), கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். இப்போது அந்தப் பழைய கீசர் மாடி பாத்ரூமில் ஜம்மென்று ஓடுகிறது.

எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம் இன்னொன்று. அந்தப் பழைய கீசர் வாங்கி ஆறு வருடம்தான் ஆகிறது, வாரண்டி கார்டில் டேங்குக்கு 7 வருடம் என்று போட்டிருக்கிறது. அவன் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் கம்பெனி டேங்கை இலவசமாக மாற்றித் தந்திருக்க வேண்டும்! மொத்த கீசருக்கு 2 வருடம் என்பதைப் படித்துவிட்டு வாரண்டி முடிந்தது என்று விட்டுவிடுகிறோம், டேங்குக்கும் காயிலுக்கும் தனித்தனியாக அதிக வருடம் கொடுப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கார்டை எடுத்துப் பாருங்கள்.

நம்பரும் அந்த கார்டிலிருந்தோ கீசர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்தோதான் எடுக்க வேண்டும். உண்மையான கம்பெனி என்றால் புகார் எண் மெசேஜில் வரும். கார்டில் இருந்த நம்பருக்கு நான் அழைத்தபோது, இந்த முகவரிக்கு எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்றார்கள். புது கீசருக்கு வாரண்டி பதிய ஒழுங்கான பில் வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள், நம்மிடம் இருப்பது அந்தச் சீட்டு.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தாயிற்று. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியதற்குத் தனியாகத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும் எழுதியிருக்கிறோம், தமிழ்நாட்டில் அது அவர்கள் பொறுப்பு. புகார் போனதும் அந்தக் கடையிலிருந்து அப்பாவுக்கு போன். 2,000 தருகிறோம், வாபஸ் வாங்குங்க சார் என்று. வரியாக வாங்கிய 2,248ம் வால்வுக்கு வாங்கிய 650ம் முழுசாக வராமல் பேச்சே இல்லை, மிச்சத்தை நுகர்வோர் கமிஷனில் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. விலை அச்சடித்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியதற்கு அதுதான் சாட்சி.