கெரிபூஸ், பெய்ரபெர்த்தூஸ் கோட்டைகளும் ரியூ-மினெர்வுவா தேவாலயமும்: ஒரு மதிப்புரை

தென் பிரான்சின் ஓத் மாவட்டத்தில், கோர்பியேர் மலைகளின் சுண்ணாம்புப் பாறை முகடுகளில் நிற்கும் பெய்ரபெர்த்தூஸ், கெரிபூஸ் கோட்டைகளை வழிகாட்டிப் பலகைகள் 'கத்தாரியர் கோட்டைகள்' என்றே அறிமுகம் செய்கின்றன. திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கிய கிறிஸ்தவப் பிரிவினரான கத்தாரியருக்கு இம்மலைகள் 13ஆம் நூற்றாண்டில் புகலிடம் தந்தது உண்மையே. கெரிபூஸ் 1255இல்தான் அரசப் படையிடம் வீழ்ந்தது. ஆனால் இன்று எஞ்சியுள்ள மதில்களில் பெரும்பகுதி, இன்றைய ஸ்பெயினின் பகுதியான அரகோன் நாட்டை ஒட்டிய எல்லையைக் காக்கப் பிரெஞ்சு அரசர்கள் எழுப்பியது. பிரான்சும் ஸ்பெயினும் 1659ஆம் ஆண்டு செய்துகொண்ட பைரனீஸ் உடன்படிக்கையால் எல்லை தெற்கே நகர்ந்த பிறகு இவை தேவையற்றுப்போய், மெல்ல மெல்லச் சிதைந்தன. இதை அறிந்து சென்றால், நொறுங்கிய ஒவ்வொரு காவல்மாடத்துக்கும் பொருள் கிடைக்கிறது.

பெய்ரபெர்த்தூஸ் பரப்பில் பெரியது. அதன் உச்சியிலுள்ள சான் ஜோர்டி பகுதிக்கு ஏற, ஒன்பதாம் லூயி மன்னரின் பெயர் தாங்கிய, பாறையிலேயே குடைந்த படிக்கட்டு உண்டு. படிகள் தேய்ந்து வழுக்குகின்றன, காற்றும் ஆளைத் தள்ளுகிறது. முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அளவில் சிறியதானாலும் என் மனம் கெரிபூஸிலேயே நின்றது. அங்கே உயரமான ஒரு கூடத்தில், நடுவிலிருந்து சற்று விலகி நிற்கும் ஒற்றைத் தூணிலிருந்து, பனையின் உச்சியில் மட்டைகள் விரிவதுபோலக் கல் விலாக்கள் கிளைத்துக் கூரையைத் தாங்குகின்றன. பாழடைந்த கோட்டைக்குள் இத்தகைய நேர்த்தியை நான் எதிர்பார்க்கவில்லை.

கோட்டைகளோடு திரும்பிவிடுவோர் பெரிதும் இழக்கிறார்கள். அதே ஓத் மாவட்டத்திலுள்ள ரியூ-மினெர்வுவா ஊரின் புனித மரியாள் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிச்சுவர் பதினான்கு பக்கங்கள் கொண்டது, உள்ளே ஏழு தூண்கள் வட்டமாக நின்று குவிமாடத்தைச் சுமக்கின்றன. தூணின் தலைப்பகுதியான ஒரு போதிகையில், பெயர் தெரியாததால் 'கபெஸ்தானி சிற்பி' என்றே அழைக்கப்படும் கலைஞர், வானவர் சூழ மரியாள் விண்ணேறுவதைச் செதுக்கியிருக்கிறார். நீண்ட பாதாம் வடிவக் கண்கள், அளவுக்கு மீறிப் பெரிய கைகள், துளையிட்டு ஆழப்படுத்திய விழியோரங்கள் எனச் சிறு போதிகையிலும் அவருடைய கைத்திறன் தெளிவாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கோட்டைகளில் நிழலே இல்லை. இடிமழை வந்தால் மூடிவிடுகிறார்கள். பேருந்தை நம்பிப் பயனில்லை, கார் அவசியம். திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கட்டப்பட்ட சிற்றூர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் ஊராட்சியின் உடைமை என்பதால், கதவு பூட்டியிருந்தால் சாவியைப் பற்றி மேயர் அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். மதிய இடைவேளையில் அதுவும் மூடியிருக்கும் என்பதால் காலையிலேயே தேவாலயத்தைப் பார்த்துவிடுவது நல்லது.