சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தோசையும் கார்னெல் பனி ஹாக்கியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், தகரக் கூரை போட்ட ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ‘அக்கா கடை’ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மற்ற நாட்களில் நம் ஊரின் மற்ற நல்ல கடைகளைப் போலத்தான் இதுவும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை, சனி ஞாயிறு காலைகளில் இங்கே பசியாறப் போகிறவர்களுக்கு வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆண்கள் பனி ஹாக்கி அணியின் ஆட்டத்தைத் திரையில் நேரடியாகப் போடுகிறார்கள்.

அக்காவின் மூத்த மகன் கார்னெலில் வேளாண்மை படித்தவர். நியூயார்க் மாநிலத்தில் இத்தகா என்ற சிறு நகரில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே வெள்ளி, சனி இரவு ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால், நமக்கு மறுநாள் காலை எட்டு மணி. மகன் இணையத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்திருக்கிறார். அக்காவும் அண்ணனும் முதலில் மகனுக்காகப் பார்க்கத் தொடங்கி, இப்போது தங்களுக்காகவே பார்க்கிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாதாத் தோசை இரண்டு வெள்ளி, நெய்த்தோசை மூன்றரை வெள்ளி. மாவு முதல் நாள் மாலையே அரைத்துப் புளிக்க வைத்தது. வாயில் வைத்ததும் தெரியும். தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் விட்டு நீட்டும் பழக்கம் அக்காவிடம் இல்லை. சாம்பாரில் கத்தரிக்காய் கரையாமல் முழுசாக வரும். தே தாரிக் எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். சீனி குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் குறைத்துக் கொடுப்பார்கள். உளுந்து வடை ஒன்பது மணிக்கு மேல் மிஞ்சாது.

ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பிடித்ததை இன்னும் வாய் நிறையப் பேசுகிற ஊர் இது. புல்தரை ஹாக்கி நமக்குப் புதிதல்ல. பனித்தரை ஹாக்கியை மூன்று இருபது நிமிடப் பகுதிகளாக ஆடுகிறார்கள். ஓர் அணிக்குக் கோல்காவலரோடு ஆறு பேர். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுகிறார்கள். இதெல்லாம் புரியாமல் விழிக்கும் புது வாடிக்கையாளருக்கு அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே விளக்கம் சொல்வார். அவருக்கு அந்த அணியின் வரலாறு மனப்பாடம்.

சுவரில் 1970ஆம் ஆண்டு அணியின் படம் மாட்டியிருக்கிறது. நெட் ஹார்க்னஸ் பயிற்சியாளராக இருந்த அந்தப் பருவத்தில் கார்னெல் 29 ஆட்டங்கள் ஆடி 29லும் வென்றது. தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவில் தேசியக் கிண்ணம் வென்ற வேறு எந்த அணியும் அப்படி ஒரு பருவத்தை முடித்ததில்லை. லேக் பிளாசிட்டில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் கிளார்க்சனை 6-4 என்று வென்றார்கள். கடைசிப் பகுதியில் டான் லாட்போவா என்ற தற்காப்பு ஆட்டக்காரர் மட்டும் மூன்று கோல்கள் போட்டார். அந்த அணியின் கோல்காவலர் கென் டிரைடன் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. “டிரைடன் 1967இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார் தம்பி. 1969இல் படிப்பை முடித்துப் போய்விட்டார். 1970இல் வலைக்கு முன் நின்றவர் பிரையன் கிராப்பர்” என்று உடனே திருத்துவார். டிரைடன் பின்னால் மாண்ட்ரியல் அணியோடு தொழில்முறைப் பனி ஹாக்கியின் ஸ்டான்லி கிண்ணத்தை ஆறு முறை வென்றார். கனடாவில் அமைச்சராகவும் இருந்தார். இருந்தும், பெரிய பெயரின் நிழலில் கிராப்பர் மறைந்துபோவதில் அக்காவுக்கு வருத்தம். அந்த வருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அணியின் சொந்த அரங்கமான லைனா 1957இல் கட்டப்பட்டது. நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். ஆனால் அங்கே எழும் சத்தம் அக்கா கடையின் சின்ன ஒலிப்பெட்டிகளில்கூடக் காதை அடைக்கிறது. எதிரணி ஆட்டக்காரர்களின் பெயரை வாசிக்கும்போது மாணவர்கள் அத்தனை பேரும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்கள். உங்களைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை என்று அர்த்தம். இங்கே ஞாயிறு காலையில் எல்லா மேசையிலும் ‘மலேசிய நண்பன்’ கிடக்கிறது. அந்த நேரம் வந்ததும் பெரியவர்கள் உட்படக் கடையே தாளைத் தூக்குகிறது. அமெரிக்க நாட்டுப் பண்ணின் நடுவில் ‘ரெட்!’ என்று அரங்கம் அதிரும்போது பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள், ஏனென்றால் சிவப்புதான் அணியின் நிறம். கார்னெல் கோல் போட்டதும் எதிர் கோல்காவலரைச் ‘சல்லடை, சல்லடை’ என்று அழைப்பது அடுத்த மரபு. அங்கே பார்வையாளர் வரிசையில் ஒருவர் மாட்டு மணியைத் தட்டித் தாளம் போடுவார். இங்கே அண்ணன், தோட்டத்தில் மாடு வளர்த்த காலத்து மணி ஒன்றைக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

மரபுகளில் பெரியது மீன். 1973இல் கார்னெல் அணி ஹார்வர்ட் அரங்கத்தில் ஆடியபோது, ஹார்வர்ட் ரசிகர்கள் கார்னெல் கோல்காவலரை நோக்கிச் செத்த கோழியை வீசினார்கள். கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறதல்லவா, அதற்கான கேலி. நீங்கள் கோழி மேய்க்கிறவர்கள் என்று சொல்லாமல் சொன்னார்கள். அடுத்து ஹார்வர்ட் இத்தகாவுக்கு வந்தபோது, கடற்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு மீனால் பதில் கிடைத்தது. இன்றுவரை ஹார்வர்ட் அணி லைனாவில் பனித்தரைக்குள் காலெடுத்து வைத்ததும் மீன்கள் பறக்கின்றன. வாசலில் பையைச் சோதித்தும், அணிக்குத் தண்டனை விழும் என்று எச்சரித்தும் நிறுத்த முடியவில்லை.

உணவை வீசுவது எனக்கு ஒப்பாது. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பட்டணத்துப் பள்ளியில் ‘தோட்டத்துப் பிள்ளை’ என்ற பட்டத்தைச் சுமந்த எவருக்கும் புரியும். மண்ணில் வேலை செய்கிறவனை மட்டமாக நினைப்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காட்டினார். அந்தக் கதையை அறிந்த ஊருக்கு, கோழிக் கதையைக் கேட்டதும் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமே வரவில்லை. கார்னெல் இங்கே வேர்பிடித்ததற்கு மகன் ஒரு காரணம். இது அதைவிடப் பெரிய காரணம்.

இன்னொரு காரணமும் கல்லா மேசையிலேயே இருக்கிறது. ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ‘பக்’ ஒன்றை மகன் அனுப்பியிருக்கிறார். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், 170 கிராம் எடை வரும் கறுப்பு வட்டு. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய ரப்பர். கையில் வாங்கினால் நினைத்ததைவிடக் கனக்கும். ஓரத்தில் விரல் வழுக்காதபடி சின்னச் சின்ன வரிகள் வெட்டியிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் அதை முகர்ந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, மேசையில் போட்டுத் துள்ளவிட்டுப் பார்த்தார். “இவ்வளவு துள்ளினால் எப்படி விளையாடுவார்கள்?” என்று கேட்டார். சரியான கேள்வி. துள்ளல் குறையத்தான் ஆட்டத்துக்கு முன் அதை உறையவைக்கிறார்கள். அக்கா அதைத் தே பெங் போடும் ஐஸ் பெட்டியில் வைத்து, அடுத்த இடைவேளையில் எடுத்துத் திரும்பவும் மேசையில் போட்டுக் காட்டினார். ‘தொப்’ என்று விழுந்து அப்படியே கிடந்தது. பாட்டி தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. திரையைக் கிழக்கு பார்த்த சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒன்பது மணி வெயில் நேராக அதில் அடிப்பதால், அந்தச் சின்னக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்று தெரிவதில்லை. ஒரு சாக்குப் படுதா தொங்கவிட்டாலே போதும். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மழை நாட்களில் இணையம் தடுமாறி, முக்கியமான கட்டத்தில் படம் உறைந்து நிற்கும். கடைசிப் பகுதி நெருக்கமாகப் போனால் அடுப்பங்கரையில் ஆளே இருக்காது. ஆகவே ஆர்டரை இரண்டாம் பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். கார் நிறுத்த இடம் குறைவு, மோட்டார் சைக்கிளில் வருவது உத்தமம்.

முப்பது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த மைக் ஷேஃபர் 2025இல் ஓய்வு பெற்று, கேசி ஜோன்ஸ் பொறுப்பேற்றிருக்கிறார். மாணவராக ஆடிய காலத்தில், ஹார்வர்ட் ஆட்டத்துக்கு முன் தன் பெயரை வாசித்ததும் ஹாக்கி மட்டையைத் தன் தலையிலேயே அடித்து உடைத்தவர் ஷேஃபர். அந்த இடத்துக்கு வருகிறவர் என்ன செய்வார் என்று கடையில் வாரந்தோறும் விவாதம் நடக்கிறது. கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஏழே முக்காலுக்கே வந்து, நடு மேசையில் உட்காருங்கள்.

ஹார்வர்ட் இத்தகாவுக்கு வரும் ஆட்டத்தன்று அக்கா மீனை வீசுவதில்லை. கெம்போங் மீனை மாங்காய் போட்டுக் கறி வைக்கிறார். சோற்றோடு ஒன்பது வெள்ளி. ஆட்டம் முடிந்ததும் சட்டி காலியாகிவிடும். முதல் நாளே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்.