சல்பேட் என்று விற்ற மூட்டையில் மியூரேட்

திராட்சைக்குப் பொட்டாஷ் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று அச்சடித்த மூட்டைகளில் எனக்கு வந்தது வெள்ளை மியூரேட், அதாவது பொட்டாசியம் குளோரைடு.

மியூரேட் பெரும்பாலும் சுரங்கச் சரக்கு. கனடாவின் சஸ்காட்செவனில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், பழங்காலக் கடல் வற்றிப் படிந்த உப்புப் பாறையை வெட்டி, சோடியம் உப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். பொட்டாஷ் 60 விழுக்காடு, குளோரைடு சுமார் 47. (கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்றால், உரக் கணக்கில் பொட்டாஷை ஆக்சைடாகக் கணக்கிடுவது வழக்கம்.) சோப்பு, பேட்டரி ஆலைகளுக்கு வேண்டிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இதிலிருந்துதான் வருகிறது. தென்னைக்குக் குளோரைடு நல்லதும்கூட. திராட்சை, புகையிலை போன்றவற்றுக்குத்தான் ஆகாது.

அதே மியூரேட்டைக் கந்தக அமிலத்தோடு உலையில் சூடாக்கி, குளோரைடை வெளியேற்றினால் சல்பேட். பல ஆலைகளில் இதுதான் முறை. விலை கூடுவதும் இதனால்தான், சரக்கை மாற்றி விற்பவருக்கு லாபம் இருப்பதும் இங்கேதான்.

உரம் போட்ட பிறகு இலை ஓரங்கள் கருகின. விற்றவரிடம் கேட்டேன். “சாம்பல் சத்துக் குறைவுங்க, இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றார். சாம்பல் சத்து என்பது பொட்டாஷ்தான்; அந்தக் குறைபாட்டிலும் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும் என்பதால் பொய் நன்றாகவே பொருந்தியது! “மியூரேட்னா சிவப்பால்ல இருக்கும்?” என்று அடுத்த கேள்வி. சிவப்பு என்பது பாறையில் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு, அவ்வளவுதான். கரைத்து மறுபடி படிகமாக்கினால் அதுவும் வெள்ளையாகிவிடும்.

ஆய்வகத்தில் கரைசலில் வெள்ளி நைட்ரேட் விட்டதும் கெட்டியாக வெள்ளை வீழ்படிவு இறங்கியது. அது குளோரைடு. சல்பேட்டுக்கான பேரியம் குளோரைடு சோதனையில் லேசான கலங்கல்கூட இல்லை.

முடிவைக் காட்டினால், பிரித்த மூட்டையில் நானே மாற்றியிருக்கலாம் என்கிறார். பில்லில் வெறும் ‘பொட்டாஷ்’ என்று எழுதியிருந்ததால், “பொட்டாஷ்தானே கொடுத்தேன்” என்று வேறு வாதம். நல்லவேளை, பிரிக்காத மூட்டை ஒன்று மீதம் இருந்தது. அதிலிருந்து சாட்சிகள் முன்னிலையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டுப் புகாருடன் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்கும்போது உரத்தின் முழுப் பெயரையும் மூட்டையில் உள்ள தொகுதி எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.