'டாக்டர் வீட்டு வண்டி' என்று விற்ற எலக்ட்ரிக் கார்: பழைய ஈவி பார்ப்பவர்கள் கவனத்துக்கு

செகண்ட் ஹேண்டில் எலக்ட்ரிக் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பழைய கார் கடை எனக்கு விற்ற வண்டி, கால் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த வண்டி. ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து, சீட் கவர் மாற்றி, "டாக்டர் வீட்டு வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடுச்சு" என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி 24 யூனிட் பேட்டரி போட்ட ஒரு சின்ன ஹேட்ச்பேக். மீட்டர் முப்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது. விலை ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர் என்று இருந்ததைக் கேட்டேன். "அப்பா பேர்ல இருந்து பையன் பேருக்கு மாத்தினாங்க சார், ஒரே வீடுதான்" என்று கண் இமைக்காமல் பதில் வந்தது. உண்மையில் முதல் ஓனர் ஒரு டாக்ஸி கம்பெனி. அங்கிருந்து ஒரு தனிநபர் வாங்கி, சொந்த உபயோக வண்டியாக மாற்றிப் பதிந்திருக்கிறார். டாக்ஸியாக ஓடும் எலக்ட்ரிக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, சொந்த வண்டிக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து. மாற்றிப் பதிந்ததும் பலகையும் வெள்ளை எழுத்தாகிவிடும். அதன்பிறகு பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

டாக்ஸியாக ஓடிய வண்டியை விற்பதில் தப்பே இல்லை. 2025 ஏப்ரலில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஓடிய புளூஸ்மார்ட் என்ற எலக்ட்ரிக் டாக்ஸி சேவையை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான எலக்ட்ரிக் கார்கள் சும்மா நின்றன. என் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டாக்ஸியாக ஓடிய எலக்ட்ரிக் கார்கள் பழைய கார் சந்தைக்கு வருவது சகஜம் என்பதற்காகச் சொல்கிறேன். டாக்ஸி என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்குக் கொடுத்தால் வாங்க ஆள் இருக்கிறது. டாக்டர் வண்டி என்று சொல்லி டாக்டர் வண்டி விலைக்குக் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம்.

பெட்ரோல் கார் என்றால் எஞ்சின் சத்தம், புகை, ஆயில் கசிவு என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். இதில் டெஸ்ட் டிரைவ் எப்போதும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். பேட்டரி பாதி செத்திருந்தாலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சர்ரென்று பாயும். திரையில் தெரியும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்ற எண் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்வதில்லை. கடைசியாக ஓட்டிய கொஞ்ச தூரத்தை எப்படி ஓட்டினோம் என்பதை வைத்துப் போடும் கணக்கு அது. நாம் வரும் முன் ஏ.சி. போடாமல் காலி ரோட்டில் நாற்பதில் நாலு ரவுண்டு சுற்றி வந்தால் எண் தானாக ஏறிவிடும். எனக்கு 220 காட்டினார்கள்.

முதலில் சந்தேகம் வந்தது திண்டிவனத்தில். விழுப்புரத்தில் மச்சினி வீட்டு விசேஷம். தாம்பரத்தில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) கிளம்பினோம். நாலு பேர், ஏ.சி., எண்பது தொண்ணூறு வேகம். மேல்மருவத்தூர் வரை பிரச்சினை இல்லை. திண்டிவனம் தாண்டும்போது இருபத்தைந்தில் இருந்த சதவீதம், பாலம் ஏறி இறங்குவதற்குள் பதினொன்று. கொஞ்ச நேரத்தில் ஆமைப் படம் வந்து பவர் குறைந்தது, ஏ.சி. நின்றது. அடுத்த சார்ஜிங் ஸ்டேஷனில் இருந்த இரண்டு சார்ஜிங் கன்னில் ஒன்று ரிப்பேர், மற்றொன்றில் இன்னொரு வண்டி. விசேஷத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரருக்குப் போன் போட்டால், "ஒரு தடவை ஃபுல்லா நூறு போட்டு அப்படியே விடுங்க சார், செட் ஆயிடும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் விசேஷம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் சார்ஜ் ஏறி இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது. அதனால் அவ்வப்போது முழுசாக ஏற்றினால்தான் வண்டி சதவீதத்தைச் சரியாகக் கணக்கிடும். ஏற்றிப் பார்த்தேன். மறுபடி அதே சறுக்கல். சில செல்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் காலியாகிவிடுகின்றன. அந்தப் பலவீனமான செல் அடிமட்டத்துக்கு வந்ததும் மொத்தக் கணக்கும் தடாலென்று விழுகிறது. இதைச் சார்ஜ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

பிறகு தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அட்வைசர் சேசிஸ் நம்பரைத் தட்டியதும் திரையை என் பக்கம் திருப்பினார். "சார், இது ஃப்ளீட் வண்டி, டாக்ஸி கம்பெனியோடது. போன வருஷம் சர்வீசுக்கு வந்தப்பவே எண்பதாயிரத்தைத் தாண்டிடுச்சே?" என் மீட்டரில் அன்று முப்பத்தைந்தாயிரம்கூட இல்லை. பேட்டரியைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்ததில் எஸ்.ஓ.ஹெச்., அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜில் இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவு, எண்பதுக்குக் கொஞ்சம் மேல். 24 யூனிட்டில் சுமார் 19 யூனிட்தான் மிச்சம். ஹைவேயில் ஏ.சி.யோடு கிலோமீட்டருக்கு 0.14 யூனிட் போனால் சுமார் 135 கிலோமீட்டர்தான் தேறும்.

வாரண்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இந்த மாதிரிக் கார்களின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது பரவலாக உள்ள கணக்கு. ஆனால் சார்ஜ் பிடிக்கும் அளவு ஒரு எல்லைக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள். பல கம்பெனிகளில் அந்த எல்லை 70 சதவீதம். என்னுடையது அதற்கு மேலே இருக்கிறது. அதோடு மீட்டரில் கை வைத்தது தெரிந்துவிட்டதால் வாரண்டியே செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தவன் செய்த திருட்டுக்கு எனக்குத் தண்டனை. அந்தக் காகிதம் இப்போது கடைக்காரருக்கு எதிராக எனக்குச் சாட்சி, அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த அட்வைசர் இன்னொன்றும் காட்டினார். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் மூடியைத் திறந்தால் சி.சி.எஸ். 2 என்ற வகை சாக்கெட்டில் மேலே வட்டமாக ஒரு பகுதியும் கீழே இரண்டு பெரிய துளைகளும் இருக்கும். வீட்டில் மெதுவாக ஏற்றும்போது மேல் பகுதிக்கு மட்டும்தான் வேலை. கீழே உள்ள இரண்டும் பாஸ்ட் சார்ஜருக்கு. வீட்டிலேயே சார்ஜ் போட்ட வண்டியில் அந்தக் கீழ்த் துளைகளின் ரப்பர் மூடி புதுசு போலவே இருக்கும். என் வண்டியில் அந்த மூடியே காணோம். துளைகளின் விளிம்பெல்லாம் கன் இடித்து இடித்து வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. வெளியே உள்ள சார்ஜிங் மூடியின் கீல் தளர்ந்து லொடலொட என்று ஆடுகிறது. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் போன டாக்டர் தினமும் பாஸ்ட் சார்ஜரில் நின்றாரா? பின் கண்ணாடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் கிழித்த பசை நீள்சதுரமாக ஒட்டியிருந்தது. சீட் கவர் புதுசு, ஸ்டீயரிங் கவர் புதுசு, மிதியடி புதுசு. ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மட்டும் வழுக்கையாக இருந்தது. அதை மாற்ற மறந்துவிட்டார்கள் போல.

பணம் வாங்கியதிலும் ஒரு வித்தை. "பழைய ஈவிக்கு இப்ப 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சார்" என்று முழு விலைக்கும் வரி போட்டுக் காட்டினார்கள். 2025 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் என்பது நிஜம். ஆனால் பதிவு பெற்ற வியாபாரி தான் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான லாபத்துக்குத்தான் அந்த வரி. தனிநபர் தனிநபருக்கு விற்றால் அதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அந்த வரியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் எனக்குக் கிடைத்தது டெலிவரி நோட்தான், பில் இல்லை. பணம் போனதும் கடையின் கணக்குக்கு அல்ல, ஆர்.சி.யில் இருந்த ஆளின் கணக்குக்கு. இப்போது "நாங்க வெறும் புரோக்கர்தான், கமிஷன் மட்டும்தான் வாங்கினோம்" என்கிறார்கள்.

கூடக் கொடுத்த சார்ஜரும் வண்டியோடு கம்பெனி கொடுத்த ஒரிஜினல் இல்லை. ஏதோ ஒரு மலிவான பெட்டி. எட்டு மணி நேரம் தொடர்ந்து மூன்று கிலோவாட் இழுக்கும் சமாச்சாரம் அது. ஒருநாள் காலையில் பிளக் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, கரிந்த வாடை வந்தது. வயரிங்கைப் பார்த்த எலக்ட்ரீஷியன் வீட்டு சாக்கெட்டில் குறை இல்லை என்றார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரிஜினலை வாங்கினேன். செலவு வலித்தது, ஆனால் இரவில் தூக்கம் வருகிறது.

நீங்கள் வாங்கப் போனால் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாறும் எஸ்.ஓ.ஹெச். அறிக்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். "எதுக்கு சார், நாங்க இருநூறு பாயிண்ட் செக் பண்ணிருக்கோம்" என்று இழுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். என் கடைக்காரர் கொடுத்த அந்தச் செக் லிஸ்டில் வைப்பர் பிளேடு முதல் டிக்கி விளக்கு வரை இருந்தது, பேட்டரிக்கு ஒரே ஒரு வரி: 'ஓகே'. ஓ.பி.டி. டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் போனில் காட்டும் சின்னக் கருவி) மாட்டினால் சில மாடல்களில் நாமே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு பாமரச் சோதனை இருக்கிறது. சார்ஜ் இருபது சதவீதத்தில் இருக்கும்போது, மீட்டர் உள்ள மெதுவான சார்ஜரில் போட்டு நூறு வரை ஏற்றுங்கள். 24 யூனிட் பேட்டரி என்றால் உள்ளே போக வேண்டியது 19 யூனிட், வழியில் வீணாவதைச் சேர்த்தால் மீட்டரில் 21 வாக்கில் வர வேண்டும். பதினேழிலேயே நிரம்பிவிட்டால் பேட்டரி களைத்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஒரு ராத்திரி வண்டி நம்மிடம் இருக்க வேண்டும். நேர்மையாக விற்பவர் தருவார்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். டாக்ஸியாக ஓடியிருந்தால் அது வணிக வாகனப் பாலிசியாக இருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரிக்கு ஆர்.டி.ஓ.விடம் பெற்ற அங்கீகாரச் சான்று வேண்டும், படிவம் 29பி. அது சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கடைதான் பின்னால் "வெறும் புரோக்கர்" ஆகும்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்கியிருக்கிறேன், "இது சிவில் மேட்டர்" என்ற பதிலும் கூடவே கிடைத்தது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் அனுப்பியதற்குக் கடைக்காரர் பதிலே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் ஐம்பதாயிரம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். பேட்டரிக்கே காணாது என்று மறுத்துவிட்டேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய். மனு தயாராகிவிட்டது, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஏற்றப் போகிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் சர்வீஸ் சென்டர் அறிக்கையை முத்திரையோடு வாங்கி வையுங்கள், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். "டாக்டர் வீட்டு வண்டி" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத்தான் என் வக்கீல் முதல் ஆவணமாகச் சேர்த்திருக்கிறார்.